இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

1

ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்துக்கு நான் வந்து இந்த ஆண்டோடு பத்தொன்பது வருடம் முடிகிறது. அதைக் கேக் வெட்டிக் கொண்டாடலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில்தான், நான் எழுதிய ஒரு கடிதத்தை அடுத்த வீட்டு அம்மாள் எனக்கே ஒப்பித்துக் காட்டினார்.

விஷயம் சின்னது. எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தைக் கொஞ்ச தூரம் தள்ளி வைக்கப் போவதாக நகராட்சி அறிவித்தது. கூடாது என்று நான் மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த நாட்டில் அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் அது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பெயர் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். இது எனக்குத் தெரியும். பூமி சுற்றுகிறது என்பது தெரிந்திருப்பது போலத் தெரியும். தலை சுற்றும் என்று தெரியாது.

கட்டடத்துக்குப் பொதுவான சலவை அறையில் அடுத்த வீட்டுப் பிர்கித்தா அம்மாள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"உன் கடிதம் படித்தேன். மூன்றாவது பத்தி நன்றாக இருந்தது" என்றார்.

"எந்தக் கடிதம்?"

"பஸ் நிறுத்தம். ஒரே ஒரு சந்தேகம். நம் கட்டடத்தில் தொண்ணூறு வயதில் நடக்க முடியாத பெண் ஒருத்தி தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். யார் அது?"

எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் ஒரே பெண் பிர்கித்தாதான். வயது எழுபத்தொன்று. பனிக்காலத்தில் காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் மாலையில் திரும்புவார். மனுவில் கொஞ்சம் உருக்கம் வேண்டுமே என்று நான்தான் அவர் வயதைக் கூட்டி, காலையும் வாங்கிவிட்டேன்.

"அது பொதுவாகச் சொன்னதுங்க" என்று ஸ்வீடிஷில் உளறினேன். ஸ்வீடிஷில் 'ங்க' கிடையாது. பயத்தில் நான் அதைச் சேர்த்துவிடுவேன்.

மறுநாளே கடிதத்தைத் திரும்ப வாங்க நகராட்சிக்கு ஓடினேன். இவர்கள் மொழியில் ஆவணம் என்ற சொல்லும் கடைச் சாமான் வாங்குவது என்ற சொல்லும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம். பதற்றத்தில் தம்பியைக் கூப்பிட்டுவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக என்னை வெளியே கூட்டி வந்து, எதிரே இருந்த சூப்பர் மார்க்கெட்டைக் காட்டினாள். அவள் மனம் புண்படக் கூடாதே என்று உள்ளே போய் ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

மகள் கயலுக்குப் பதினாறு வயது. நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊர்ல இருந்தா மொட்டைக் கடுதாசியாப் போட்டிருப்பேன், வம்பே இல்லை" என்றேன்.

"அப்படின்னா? முடி இல்லாத லெட்டரா?"

"பேர் இல்லாத லெட்டர்."

"பேர் போடப் பயந்துக்கிட்டு யார்ப்பா லெட்டர் எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு போய்விட்டாள். அவள் தமிழ்க் கேள்விகள் எல்லாம் அப்படித்தான். பதில் வருவதற்குள் ஆள் ஸ்வீடிஷுக்குப் போயிருப்பாள்.

நல்ல வேளை. பதில் சொல்ல வேண்டி வந்திருந்தால், நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

2

என் அப்பா அரசு பஸ் கண்டக்டர். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து மாரமங்கலம் போகிற வண்டி. ராத்திரி வண்டி மாரமங்கலத்தில் 'ஹால்ட்' ஆகும். அதாவது அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் அப்பாவும் சீட்டைக் கழற்றிப் போட்டுப் படுத்துக்கொண்டு, காலையில் அதே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். வாரத்தில் நாலு நாள் இப்படி.

எங்கள் வீடு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அதனால் எனக்குக் கிடைத்தவர் ஐந்து நிமிட அப்பா. வண்டி வந்து நிற்கிற நேரம் எனக்கு மனப்பாடம். ஓடிப் போவேன். தோல் பையோடு, காதில் பேனாவோடு, மூடுபனி படிந்த மீசையோடு இறங்குவார். டீ குடிப்பார். அந்தக் கிளாஸ் காலியாவதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் நடந்தது, அக்கா அடித்தது, மார்க்கு எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். இன்றைக்கும் நான் வேகமாகப் பேசுகிறேன் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு டீ கிளாஸின் அளவு.

அவருக்கு அந்த ரூட்டின் மேல் அப்படி ஒரு பிரியம். மஞ்சக்குட்டைக்காரர்கள், வெள்ளக்கடைக்காரர்கள், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள், மிளகு மூட்டையோடு ஏறுகிறவர்கள், எல்லோரும் அவருக்கு உறவு மாதிரி. காப்பி பூத்த மாதத்தில் வண்டிக்குள் ஜன்னல் வழியாக மணம் வரும்போது, "எல்லாரும் நல்லா மோந்துக்குங்க, இதுக்கு டிக்கெட் கெடையாது" என்பார். வாந்தி வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தோல் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். வீட்டுக்கு வந்தால் மட்டும் தூங்குவார்.

இங்கே பஸ்ஸில் கண்டக்டரே இல்லை. ஒரு கருவி 'பீப்' என்கிறது. பத்தொன்பது வருடமாக ஏறுகிறேன். 'பீப்' சத்தத்துக்குப் பிறகு யாரோ "ரைட்" சொல்வார்கள் என்று ஒரு வினாடி காத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

3

ஏழாம் வகுப்பில் தமிழ் இரண்டாம் தாளில் கடிதம் எழுதுவது ஒரு பாடம். 'உங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி வேண்டி மேலாளருக்கு விண்ணப்பம் எழுதுக.' விடுநர், பெறுநர், பொருள், ஐயா. அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் வந்தது. கையில் ஆயுதம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

என் கணக்கு எளிமையானது. கண்டக்டர் சரியில்லை என்று புகார் போனால் அவரை ஹால்ட் வண்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அப்பா ராத்திரி வீட்டில் இருப்பார்.

முழு வெள்ளைத் தாளில், சினிமாவில் பார்த்தது போல இடது கையால் எழுதினேன். விடுநர்: ஊர்ப் பொதுமக்கள். பயணிகளிடம் மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்று முதல் குற்றம். மரியாதைக்கு வல்லின 'ற' போட்டேன் என்பது இப்போது நினைவு வருகிறது. வண்டியை நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்குகிறார் என்பது இரண்டாவது. விசிலை அளவுக்கு மீறி ஊதுகிறார் என்பது மூன்றாவது. தாளில் இன்னும் இடம் இருந்ததால் வேறு ஏதோ எழுதி நிரப்பினேன். கடைசியில், 'இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.' அதற்கும் கீழே, பரீட்சையில் செய்வது போலவே ஒரு கட்டம் போட்டு, 'உறைமேல் முகவரி' என்று தலைப்பிட்டு, முகவரியை இன்னொரு முறை எழுதினேன். உலகத்தில் உறைமேல் முகவரிக் கட்டம் போட்ட ஒரே மொட்டைக் கடுதாசி அதுவாகத்தான் இருக்கும். அப்போது என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

4

கடிதம் வேலை செய்தது. அப்பாவுக்கு 'மெமோ' வந்தது. குற்றம் சாட்டி விளக்கம் கேட்கும் ஓலை. அம்மா அதைக் கேள்விப்பட்டு அழுதாள். அப்பா ஒன்றும் பேசாமல் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் அவரை மலை ரூட்டிலிருந்து எடுத்துச் சேலம் டவுன் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். பகல் வேலை. சாயங்காலமானால் மலை ஏறி வந்துவிடுவார். என் மனுவில் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் மீசையில் பனி இல்லை. சேலத்து வெயிலில் கறுத்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்து வந்தார். ஓய்வு பெறும்வரை அந்த டவுன் பஸ்தான். மாரமங்கலத்து ஆட்கள் யாராவது வழியில் பார்த்து, "ஏனுங்க, நம்ம பக்கமே வர்றதில்லீங்களே" என்றால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அம்மா சும்மா இருக்கவில்லை. சேர்வராயன் கோயில் குகைக்குள் போய், "எழுதுன கை வெளங்காமப் போவணுஞ் சாமி" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். பக்கத்தில் நான் கைகூப்பி நின்றிருந்தேன். அந்த மாதமே எனக்குக் கையில் கட்டி வந்தது. வலது கையில் வந்திருந்தால் தற்செயல் என்று தேற்றிக்கொண்டிருப்பேன். வந்தது இடது கையில். சாமிக்குத் தகவல் எவ்வளவு துல்லியமாகப் போகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

செல்வி அக்கா, என்னைவிட நாலு வயது மூத்தவள், அம்மாவை மிஞ்சிவிட்டாள். அப்பா போன பிறகும், அம்மா போன பிறகும் அவள் வாயில் அந்தப் பேச்சு ஓயவில்லை. "எந்த நாசமாப் போறவன் எழுதுனானோ, அந்த மனுசன் மலையெறங்குனவரு பொறவு சிரிக்கவே இல்லை" என்பாள். ஒவ்வொரு முறையும் போனில் "ஆமாக்கா" என்று சொல்லி வந்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? முப்பத்தெட்டு வருடமாக என் வயிற்றுக்குள் இருந்த கேள்வி அது ஒன்றுதான். தெரியாமலே போய்ச் சேர்ந்திருந்தால், யாரோ ஊர்க்காரன் தன்னை வெறுத்தான் என்ற நினைப்போடு போயிருப்பார். தெரிந்திருந்தால் இன்னும் மோசம். மகனே வெறுத்தான் என்று.

5

சலவை அறைச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள். இங்கே பிர்கித்தா என் கடிதத்தை வாங்கிப் படிக்க முடியுமானால், அப்பாவின் கோப்பை நான் ஏன் வாங்கிப் படிக்கக் கூடாது? நம் நாட்டிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே. விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். விடுநர், பெறுநர், பொருள், ஐயா. கை தானாக ஓடியது. 'இந்தியக் குடிமகனா?' என்ற இடத்தில் நின்றது.

ஏழு வருடத்துக்கு முன்பு ஸ்வீடன் பாஸ்போர்ட் வாங்கியபோது இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சட்டப்படி கேட்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். இங்கே ஊர் பேர் தெரியாதவன்கூட எதையும் கேட்கலாம். அங்கே, மலையில் பிறந்து வளர்ந்த நான், பெற்ற அப்பாவைப் பற்றிக் கேட்க முடியாது.

அக்காவின் வீட்டுக்காரர் ரத்தினம் மாமாவைப் பிடித்தேன். மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார். அப்பாவின் சர்வீஸ் விவரம் எனக்கு நினைவுக்காக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். உற்சாகமாக விண்ணப்பம் போட்டார். ஒரு மாதம் கழித்துக் கொதித்துப் போய்க் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, என்னைய மூணாம் மனுசன்னு எழுதிப்போட்டாங்க."

"என்ன எழுதியிருக்குதுங்க மாமா?"

"மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், பொதுநலன் இல்லை, தர இயலாதுன்னு இருக்குதுங்க. முப்பது வருஷமா அந்த ஊட்டு மருமவன். தலைத் தீவாளிக்கு மோதிரம் போட்ட மனுசனுக்கு நான் மூணாம் ஆளுங்களா?"

"மாமா, மூன்றாம் நபர்னு சொன்னது உங்களை இல்லீங்க. அப்பாவை."

"அது இன்னும் மோசமுங்க" என்றார்.

நானும் சேர்ந்து திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எவனோ ஒருவன் வந்து அப்பாவின் கோப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டுமா என்ன? பிர்கித்தா என் கடிதத்தை ஒப்பித்தபோது எனக்கு வேர்த்த வேர்வை நினைவுக்கு வந்தது. அடுத்தவர் கோப்புக்குக் கதவு வேண்டும், நம்முடையதற்குப் பூட்டு வேண்டும். எல்லோருடைய ஆசையும் அதுதான் போலிருக்கிறது.

சட்டம் தெரிந்த யாரோ மாமாவுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழோடு அக்கா கேட்டால் கிடைக்கும் என்று. என்னிடம் கேட்காமலே அக்கா விண்ணப்பித்துவிட்டாள்.

"அப்பா மேல பெட்டிஷன் போட்டவன் எவன்னு அதுலயே தெரிஞ்சுபோயிருமாம்டா. உன்ற புண்ணியத்துல இப்பத்தான் வழி பொறந்துது கண்ணு" என்றாள்.

என் நிலைமையைச் சொல்ல வேண்டுமா? தகவல் அறியத் துடித்தவன், தகவல் கிடைக்காமல் இருக்கச் சேர்வராயனையே வேண்டிக்கொண்டேன். அவருக்கு நான் பழைய கேஸ் என்பதையும் மறந்துவிட்டேன்.

பதில் வந்தது. கோப்பை நேரில் பார்வையிடலாம். ஆனால் புகார் மனு மட்டும் காட்டப்படாது, கையெழுத்தை வைத்துப் புகார்தாரரின் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்பதால். மாமா அதைப் படித்துக் காட்டியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் கழித்தும் அரசாங்கம் என்னை என் அக்காவிடமிருந்து காப்பாற்றுகிறது. அந்த அலுவலர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். திசை தெரியாததால் நாலு பக்கமும் போட்டேன்.

இருந்தாலும் பயம் விடவில்லை. கிளிப்பு நழுவினால்? ஃபேன் காற்றில் பக்கம் புரண்டால்? கோப்பைப் பார்க்க அவர்கள் சேலத்துக்குக் கிளம்புகிற அன்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மலைப் பாதைல மண் சரிவுன்னு நியூஸ்ல பார்த்தேன். இன்னைக்கு வேண்டாமே."

"வெயில் பொளந்து கட்டுதுடா. எந்த ஊரு நியூஸப் பார்த்தே?" என்றாள்.

6

அழைப்பு வந்தபோது நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். எல்லோரும் வேறு மாதிரி நினைத்து இரக்கத்தோடு வழிவிட்டார்கள்.

"பெட்டிஷன் மேல தாளை ஒட்டி மறைச்சுட்டாங்கடா" என்றாள் அக்கா. அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் நின்று பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பக்கத்தில் மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா. பரவால்லை விடுக்கா."

"ஆனா மெமோவுல அவன் எழுதுனதைய அப்பிடியே எறக்கி வெச்சிருக்கறாங்க. நகல் குடுத்துட்டாங்க. இரு, படிக்கறேன். ஒண்ணு, மரியாதை இல்லாமப் பேசறாரு. அப்பாவா? நாசமாப் போறவன். ரெண்டு, கொய்யாப்பழம். மூணு, விசிலு. நாலு..."

நின்றாள்.

"நாலு என்னக்கா?"

அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "மேற்படி கண்டக்டர் வாரத்தில் நாலு நாள் ஊட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் தூங்கிவிடுகிறார்."

எனக்கு அது சுத்தமாக மறந்து போயிருந்தது. மிச்ச இடத்தை நிரப்ப எழுதியது அதுதான்.

"ஏன்டா, பஸ்ஸுல போறவனுக்கு இவரு ஊட்டுக்கு வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

"சாமி, நீயாடா?"

"ஆமாக்கா."

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவள் அடுத்த தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா எழுதிய விளக்கம். முதல் குற்றத்தை மறுத்திருந்தார். வண்டி நிற்கிற நேரத்தில்தான் கொய்யா வாங்கியதாகவும், மலைப் பாதையில் விசில் அவசியம் என்றும் எழுதியிருந்தார். பிறகு அக்காவின் குரல் இறங்கியது.

"நாலாவது குற்றச்சாட்டு உண்மை. ஒப்புக்கொள்கிறேன். இனி அவ்வாறு நேராமல் இருக்க, எனக்குப் பகல் நேரப் பணி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"அப்ப அவங்க மாத்தலையா?"

"அப்பாவே கேட்டு வாங்கியிருக்கறாருடா. ஆர்டர்லயும் சொந்த விருப்பத்தின் பேரில்னுதான் இருக்குது. பனிஷ்மெண்டே இல்லை. இரு, இன்னொண்ணு இருக்குது. உமக்கு வேண்டாதவர்கள் எவரேனும் இதை எழுதியிருக்கக்கூடுமான்னு கேட்டிருக்கறாங்க."

"என்ன எழுதினாரு?"

"எழுதியவர் எனக்கு வேண்டாதவர் அல்லர். அவரை விசாரிக்கத் தேவையில்லை."

ஊர்ப் பொதுமக்கள் என்று கையெழுத்துப் போட்டவர்களை அப்பா 'எழுதியவர்' என்று ஒருமையில் குறித்திருந்தார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 'அவர்' என்று மரியாதை வேறு.

அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "தெரிஞ்சிருக்குது. அம்மாகிட்டக்கூட வாயத் தொறக்கலை பாரு. அவ கோயில்ல மண்ணத் தூத்துறப்பக்கூட."

"அதுக்குத்தான் என் கையில கட்டி வந்ததே, மறந்துட்டியா?"

"உனக்கு நொம்ப நாள் சீழ் கோத்து நின்னுதே, அதா?" என்று அழுகையிலேயே சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகுதான் நிஜமான குரல் வந்தது. "ஏன் கண்ணு, வாரத்துக்கு நாலு நா வரலீன்னு பெட்டிஷன் எழுதுன ஆளு நீ. அம்மா காரியத்துக்கு வந்துட்டுப் போனவன். அஞ்சு வருஷமாச்சு. உம்மேல நான் யாருக்குடா எழுதறது?"

எனக்கு லீவு கிடைப்பதில் உள்ள சிரமம், கயலின் பள்ளிக்கூடம், இந்த வருடம் வந்த புதிய மேலதிகாரி, எல்லாவற்றையும் ஒரு டீ கிளாஸ் நேரத்தில் சொல்லி முடித்தேன். பின்னால் மாமாவின் குரல் மட்டும் வந்தது.

"விளக்கம் திருப்தியா இல்லீங்களே மாப்ள."